பெயர் எழுதிய குப்பிகள்

கையளவு கலைகள் – 12

சீனப் பேரரசர் காங்ஷி 1684ஆம் ஆண்டு தம் நாட்டின் தென்பகுதியைப் பார்வையிடக் கிளம்பி நான்ஜிங் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த கபியானி, வலா என்ற இரண்டு சேசு சபைக் குருமார்கள் அவரைக் காண வந்து, ஐரோப்பாவிலிருந்து வந்த அரிய பொருட்கள் சிலவற்றைக் காணிக்கையாக வைத்தார்கள். பேரரசர் அவற்றை ஏற்றுப் பாராட்டிவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அது மூக்குப்பொடி.

அந்தப் பொடியைப் போட்டுவைக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் சீனத்துக் கண்ணாடிக்காரர்கள், கல் குடைபவர்கள், பீங்கான் சூளைக்காரர்கள், எனாமல் ஓவியர்கள் எல்லாரும் தங்கள் முழுத் திறமையையும் அந்த ஒரு பாத்திரத்தின் மேல் கொட்டினார்கள். பொதுவாக ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள குப்பி அது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் வெளியே தெரியாது. அந்த அளவுக்குள் மலையும் அருவியும் உண்டு, கிளையில் உட்கார்ந்த குருவி உண்டு, குழந்தையை மடியில் வைத்த ஐரோப்பியப் பெண் உண்டு.

சென்ற வாரம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகளோடு இருந்தோம். இந்த வாரம் சீனம் வரை போகக் காரணம் இருக்கிறது. இந்தக் குப்பிகளின் தொடக்கத்தைத் தேடினால் புதுச்சேரித் துறையில் தங்கிப்போன ஒருவர் வழியில் வருகிறார். இவற்றின் பிற்காலத்தைத் தேடினால், வில்லியனூரின் சுடுமண் தொழில் இன்று நின்றுகொண்டிருக்கும் அதே இடத்தில் நின்று, அதைக் கடந்தும் வந்த ஒரு சீனக் கிராமப்புறம் கண்ணில் படுகிறது. நம் கொம்யூன்களில் மண்ணையும் காகிதக் கூழையும் நம்பி வாழ்பவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பெட்டி போய்க் குப்பி வந்தது

அமெரிக்கக் கண்டத்தின் புகையிலை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் வழியாகச் சீனத்துக்குள் நுழைந்தது. மிங் வம்சத்தின் கடைசி அரசர் சோங்ஜென் புகைபிடிப்பதற்குத் தடை போட்டுப் பார்த்தார். 1644இல் அந்த வம்சமே முடிந்து, மஞ்சூக்களின் சிங் ஆட்சி தொடங்கியது. புகைப்பதை அரண்மனை விரும்பவில்லை என்றாலும் பொடி போடுவது மருந்துக் கணக்கில் சேர்ந்தது. சளி, தலைவலி, வயிற்றுக் கோளாறு எல்லாவற்றுக்கும் அது நல்லது என்று நம்பினார்கள். புகையிலை எந்த வடிவத்தில் வந்தாலும் உடம்புக்குக் கேடு என்பது இன்று நமக்குத் தெரியும். அன்று அது தெரியாது.

ஐரோப்பாவில் பொடியைத் தட்டையான மூடி போட்ட பெட்டியில் வைத்து, கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார்கள். சீனத்தில் அந்தப் பெட்டி நிலைக்கவில்லை. காற்றில் ஈரம் அதிகம். மூடியின் இடுக்கு வழியே ஈரம் புகுந்து பொடி கட்டி தட்டிவிடும், மணமும் போய்விடும். அங்கிகளிலும் ஐரோப்பியக் கோட்டில் இருப்பதுபோன்ற பைகள் இல்லை. அகன்ற கைப்பகுதிக்குள்ளோ இடுப்பில் தொங்கும் சுருக்குப்பையிலோதான் எதையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மருந்துத் தூளும் மாத்திரையும் போட்டுவைக்கும் சிறிய குப்பிகள் சீனத்தில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தன. வாய் சிறியது, வயிறு அகன்றது, தக்கை போட்டு இறுக மூடலாம். பொடி அந்தக் குப்பிக்குள் குடியேறியது.

மூடியின் அடிப்பக்கம் தந்தத்தாலோ உலோகத்தாலோ ஆன மெல்லிய கரண்டி ஒன்று குப்பியின் அடிவரை இறங்கும். மூடியைத் திறந்தால் கரண்டியோடு பொடியும் மேலே வரும். அதைச் சிறிய தட்டிலோ கட்டைவிரல் நகத்திலோ வைத்து உறிஞ்சுவார்கள். மூடியின் தலையில் பவளம், பச்சைக்கல், முத்து என்று ஏதாவது ஒன்று பதித்திருக்கும். இருவர் சந்தித்தால் ஒருவர் குப்பியை மற்றவரிடம் நீட்டுவது மரியாதை. வாங்கியவர் பொடி எடுப்பதற்கு முன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாள்தோறும் பலர் கையில் ஏறி இறங்கி, பலர் கண்ணால் அளக்கப்பட்டதால்தான் அதன் வேலைப்பாடு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது.

புதுச்சேரி வழியே போன தூதர்

காங்ஷி 1696இல் பெய்ஜிங் அரண்மனை வளாகத்தில், பிரெஞ்சுச் சேசு சபையாரின் கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிப் பட்டறையை அமைத்தார். அதை நடத்தும் பொறுப்பு ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பிறந்த கிலியன் ஸ்டும்ப் என்ற குருவிடம் வந்தது. உள்நாட்டில் கண்ணாடி வேலைக்குப் பெயர்போன ஷான்டோங் மாநிலத்துப் போஷானிலிருந்தும் தெற்கே குவாங்டோங்கிலிருந்தும் கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஐரோப்பியக் கண்ணாடிக் கலவை ஒருபுறம், சீனக் கல்வேலைக்காரரின் கை ஒருபுறம். இரண்டும் சேர்ந்த அந்தப் பட்டறையில்தான் அரண்மனைக் கண்ணாடிக் குப்பிகளின் வரலாறு தொடங்குகிறது. 1705இல் காங்ஷி மீண்டும் தெற்கே போனபோது சோங் லுவோ என்ற ஆளுநருக்கு 17 கண்ணாடிப் பொருட்களைப் பரிசாகக் கொடுத்தார் என்று பதிவு இருக்கிறது. பட்டறை தொடங்கி ஒன்பது ஆண்டுகளுக்குள் அதன் பொருட்கள் பேரரசர் கையால் கொடுக்கும் தகுதிக்கு வந்துவிட்டன.

அதே 1705இன் டிசம்பரில் போப்பாண்டவரின் தூதர் ஒருவர் பெய்ஜிங்குக்குள் நுழைந்தார். பெயர் மய்யார் தெ தூர்நோன். அவர் ரோமிலிருந்து நேராகச் சீனம் போகவில்லை. 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கி, ஏறத்தாழ எட்டு மாதம் இங்கேயே தங்கினார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் எந்தச் சடங்குகளை வைத்துக்கொள்ளலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்று விசாரித்து, 1704 ஜூனில் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குகள் பற்றிய நீண்ட வழக்கின் மையம் அந்த ஆணைதான். அதன்பின் கப்பலேறி, மணிலா வழியாகச் சீனம் சேர்ந்து, 1705 டிசம்பர் 31 அன்று காங்ஷியின் முன் நின்றார். முன்னோர் வழிபாடு குறித்து அங்கேயும் அதே கேள்வி. அங்கேயும் பெரிய பிணக்கு.

அந்தத் தூதரின் பெய்ஜிங் நாட்களையும் அவற்றின் விளைவுகளையும் விரிவாக எழுதிவைத்தவர் கண்ணாடிப் பட்டறையின் அதே கிலியன் ஸ்டும்ப். லத்தீனில் அவர் எழுதிய அந்தப் பெரிய நூலின் பெயர் ‘ஆக்தா பெகினென்சியா’. புதுச்சேரிச் சபை வரலாற்றைப் படிப்பவர்கள் தூர்நோனை அறிவார்கள். சீனக் கண்ணாடியை ஆராய்பவர்கள் ஸ்டும்பை அறிவார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதிய நூல் இருக்கிறது என்பதை இரு தரப்பாரும் சேர்த்து நினைத்தால், நம் கரைக்கும் பெய்ஜிங் உலைக்கும் இடையே அன்று இருந்த பாதை தெளிவாகத் தெரியும்.

அந்த ஆண்டுகளில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அவை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியோடு சேர்ந்தன. மணிலாவுக்கும் சீனத்துக்கும் போய்வந்த கப்பல்களைப் பற்றிய செய்தி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சீனக் கலங்கள் இங்கே வந்திருக்கின்றன. அரிக்கமேட்டில் தோண்டியபோது சீனப் பச்சைப் பீங்கானின் ஓடுகள் கிடைத்தன.

கண்ணாடி, கல், நெருப்பு

குப்பி செய்வதில் பல வழிகள் உண்டு. கண்ணாடிக் குப்பிகளில் புகழ்பெற்றவை இரட்டை வண்ணக் குப்பிகள். உருகிய வெள்ளைக் கண்ணாடியைக் குழாய் நுனியில் எடுத்து ஊதி உருவம் கொடுத்து, அதை உருகிய சிவப்புக் கண்ணாடியில் முக்கி எடுப்பார்கள், வாழைக்காயைப் பஜ்ஜி மாவில் முக்குவதுபோல. ஆறியதும் வேலை கல்வேலைக்காரரிடம் போகும். அவர் சுழலும் சிறு சக்கரத்தில் தேய்ப்புத்தூளும் நீரும் விட்டு, சிவப்பு மேல்தோலில் சித்திரத்துக்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்து எடுப்பார். வெண்பனித் தரையில் சிவந்த மீன்களும் தாமரையும் எழும்பி நிற்கும். மேல்தோலின் கனம் மிகக் குறைவு. சற்று ஆழமாகத் தேய்த்தால் சித்திரம் போய்விடும், ஒட்டவைக்க வழியில்லை.

கல் குப்பிகளின் வேலை இதைவிடக் கடினம். பச்சைக்கல்லும் அகேட்டும் படிகமும் எஃகைவிடக் கடினமானவை அல்லது அதற்கு ஈடானவை. உளி அவற்றில் ஏறாது. கல்லைவிடக் கடினமான மணல்தூளை நீரில் குழைத்து, கருவியால் அந்தத் தூளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அறுக்க வேண்டும். உண்மையில் வெட்டுவது தூள். கருவி அதைத் தள்ளிக்கொடுக்கிறது. முதலில் வாயிலிருந்து அடிநோக்கி நேராக ஒரு துளை போடுவார்கள். அதன்பின் நுனி வளைந்த கருவிகளை அந்தச் சிறிய வாய் வழியே உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத தோள்பகுதியைக் கையின் உணர்வால் மட்டுமே குடைந்து அகலப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் சுவர் பொத்துவிடும், மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். மிக நன்றாகக் குடைந்த அகேட் குப்பி தண்ணீரில் மிதக்கும். கல்லால் செய்த பாத்திரம் மிதப்பதைவிட ஒரு கைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1759இல் சிங் படைகள் சின்ஜியாங்கைக் கைப்பற்றிய பிறகு கோத்தான் பகுதியின் பச்சைக்கல் பெருமளவில் பெய்ஜிங்குக்கும் சூஜோவுக்கும் வந்தது. சூஜோ நகரத்துக் கல்வேலைக்காரர்கள் அகேட்டுக்குள் இயற்கையாக இருக்கும் கறுப்பு, பழுப்புக் கறைகளைக் குறையாக நினைக்கவில்லை. கறை இருக்கும் இடத்தில் பாறையையும், அதன் விளிம்பில் குரங்கையும், வெளுத்த இடத்தில் ஓடும் நீரையும் கண்டுபிடித்துச் செதுக்கினார்கள். கல்லே சித்திரத்தின் பாதியைச் சொல்லிவிடும். மீதியைச் சொல்லும் நிதானம் செதுக்குபவருடையது.

நெருப்போடு நடந்த போராட்டம் எனாமல் குப்பிகளில். தங்கத்தைக் கரைத்துப் பெற்ற இளஞ்சிவப்பு உட்படப் பல வண்ணங்களைச் செம்பின் மீதோ பீங்கானின் மீதோ தீட்டி மறுபடி சூளையில் வைப்பார்கள். 1719இல் ழான் பாப்திஸ்த் கிராவெரோ என்ற பிரெஞ்சு எனாமல் கலைஞர் பெய்ஜிங் அரண்மனைக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தார். இதையே கண்ணாடியின் மீது செய்வதுதான் மிகக் கடினம். வண்ணம் உருகிப் பிடிக்க வேண்டிய வெப்பமும் கண்ணாடி இளகிச் சாயும் வெப்பமும் ஏறத்தாழ அருகருகே இருக்கின்றன. சற்றுக் குறைந்தால் வண்ணம் ஒட்டாது. சற்றுக் கூடினால் குப்பியே குழைந்துவிடும். ஆகவே நல்ல நிலையில் எஞ்சியவை மிகக் குறைவு. சியன்லோங் பேரரசர் (1735–1796) காலத்தில் அரண்மனையில் செய்த அத்தகைய ஒரு குப்பி 2011இல் ஹாங்காங் ஏலத்தில் 2.5 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலை போனது. அதில் தீட்டியிருப்பது ஐரோப்பிய உருவங்கள்.

இவை தவிர ஜிங்தெஜென் பீங்கான், மூங்கில், அரக்கு, தந்தம், அம்பர், பவளம், அச்சுக்குள் வளர்த்த சுரைக்காய், தென்கிழக்காசிய இருவாச்சிப் பறவையின் மண்டைக்கொம்பு என்று கைக்குக் கிடைத்த எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

இத்தனை வேலைப்பாட்டுக்கும் நடுவில் ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. அரண்மனைக் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் எழுத்து இருக்கும். அது எந்தப் பேரரசரின் ஆட்சியில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். குடைந்தவர் யார், சக்கரத்தில் உட்கார்ந்தவர் யார், உலையின் வெப்பத்தைக் கண்ணாலேயே அளந்தவர் யார் என்று பெரும்பாலும் எங்கும் இராது. செய்தவரின் பெயர் இல்லாத பெருங்கலை அது.

நம் பக்கத்துப் பொடி மட்டை

நம் ஊரிலும் பொடி இருந்தது. பதப்படுத்திய புகையிலையை இடித்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்த காரமான பொடி. பட்டணம் பொடி விற்ற கடை பெரிய கிராமங்களில் எல்லாம் இருந்தது. அறிஞர் அண்ணா பொடி போடுவார் என்பது தமிழ்நாடு முழுவதும் அறிந்த செய்தி. வசதியுள்ளவர்கள் வெள்ளியிலோ பித்தளையிலோ டப்பா வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு மட்டை. காய்ந்த வாழைப்பட்டையை மடித்துப் பொடியை உள்ளே வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். பொடி தீர்ந்ததும் மட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம். காசு செலவில்லாமல், வாழைத் தோட்டம் இருக்கும் எந்த ஊரிலும் கிடைக்கும் பொருளால் ஒரு தேவையை முடித்துக்கொண்ட அறிவு அது. அதைத் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் எறிந்துவிடும் பொருளில் யாரும் சித்திரம் எழுதுவதில்லை. நம் கைவினைஞர்களின் சித்திரம் வேறு இடத்துக்குப் போனது: கோயில் தேருக்கு, ஐயனார் குதிரைக்கு, தாலிக்கு.

உள்ளிருந்து தீட்டிய ஓவியம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்பிகளில் ஒரு புதுவகை தோன்றியது. குப்பி தெளிந்த கண்ணாடி அல்லது படிகம். ஓவியம் வெளியே இல்லை, உள்சுவரில் இருக்கிறது. பொடிப் பித்துக்கொண்ட ஓர் ஏழை அதிகாரி, குப்பியில் பொடி தீர்ந்ததும் மூங்கில் குச்சியால் உள்சுவரைச் சுரண்ட, அந்தக் கீறல்கள் வெளியே கோடுகளாகத் தெரிய, அதைப் பார்த்த துறவி ஒருவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியும் போகட்டும். செய்முறை நிஜமான வியப்பு.

கண்ணாடியின் உள்சுவர் வழவழப்பாக இருந்தால் மை ஓடிவிடும். அதனால் இரும்புத் துகளும் மணலும் நீரும் உள்ளே போட்டு நெடுநேரம் குலுக்கி, சுவரைச் சொரசொரப்பாக்குவார்கள். அப்போது அது காகிதம் பிடிப்பதுபோல் மையைப் பிடிக்கும். பிறகு நுனி வளைந்த மெல்லிய மூங்கில் குச்சியை மைதோய்த்து, சுண்டுவிரல்கூட நுழையாத வாய் வழியே உள்ளே விட்டு எழுத வேண்டும். இடம் வலமாக, வலம் இடமாக மாறும். வரிசையும் தலைகீழ். தாளில் வானத்தைத் தீட்டிவிட்டுப் பறவையை வரையலாம். இங்கே பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் இருப்பது முதலில் எழுதியது. ஆகவே பறவையின் கண்ணை முதலில், உடலை அடுத்து, வானத்தைக் கடைசியில் எழுத வேண்டும். தவறினால் அதன் மேல் பூசி மறைக்க முடியாது.

இந்த ஓவியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். குப்பிக்குள் தங்கள் பெயரை எழுதினார்கள். பலர் ஆண்டையும், எழுதிய ஊரையும் சேர்த்து எழுதினார்கள். அந்த ஒரு பழக்கத்தால்தான் இன்று அவர்களைப் பெயர் சொல்லிப் பேச முடிகிறது. தொடக்கக் காலத்துக் கான் சுவான்வென். 1880களின் தொடக்கத்திலிருந்து 1890களின் தொடக்கம் வரை மலையும் நீரும் எழுதிய ஜோ லெயுவான். ஹுய் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த மா ஷாவ்சுவான் (1867–1939). பெய்ஜிங் இசைநாடக நடிகர் டான் சின்பெய்யின் முகத்தை ஒளிப்படத்துக்கு ஈடாக எழுதியவர் அவர். முகத்தின் மறுபக்கத்தில் கடுகளவு எழுத்தில் கவிதையும் எழுதுவார். திங் எர்ஜோங். தம் பிள்ளைகளோடு சேர்ந்து குடும்பமாக எழுதிய யே ஜோங்சான் (1869–1945). அரண்மனைக்கு எட்டாத, சந்தைக்காக எழுதிய ஓவியர்கள் இவர்களில் பலர். அவர்களைத்தான் வரலாறு பெயரோடு வைத்திருக்கிறது.

ஒரு கிராமப்புறம் செய்தது

1912இல் சிங் ஆட்சி விழுந்தது. பொடி போடும் வழக்கமும் மெல்ல ஓய்ந்தது. குப்பிகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போயின. 1968இல் அமெரிக்காவில் இவற்றுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கும் அளவுக்கு அங்கே ஆர்வம் வளர்ந்தது. சீனத்திலோ உள்ளோவியம் எழுதும் கைகள் அருகிப் போய்விட்டன. யே குடும்பம் தன் வித்தையைக் குடும்பத்துக்கு வெளியே சொல்லித் தந்ததில்லை. அந்தக் கதவு அப்படியே மூடியிருந்தால் பெய்ஜிங்கின் யே மரபு அவர்களோடு முடிந்திருக்கும்.

1950களின் இறுதியில் பெய்ஜிங் கைவினை நிறுவனம் ஒன்றில் யே ஜோங்சானின் மகன்கள் வெளியார் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இசைந்தார்கள். அந்த முதல் மாணவர்களில் ஒருவர் வாங் சிசான். 1938இல் ஹெபேய் மாநிலத்தின் ஹெங்ஷுய் பகுதியில், வயல்களும் கிராமங்களுமான நாட்டுப்புறத்தில் பிறந்தவர். மூங்கில் குச்சிக்குப் பதிலாக, எந்தப் பக்கமும் வளைக்கக்கூடிய உலோகத் தண்டில் மயிர் பொருத்திய தூரிகையை அவர் செய்துகொண்டார். அதனால் குப்பிக்குள் எட்டாத மூலையே இல்லாமல் போனது. மென்மையான வண்ணப் படிவுகளும் வந்தன. கலாசாரப் புரட்சிக் காலத்தில் பழைய கலைகள் எல்லாம் குற்றமாகப் பார்க்கப்பட்டபோது அவர் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஊரில் இருந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் தங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பேரரசரின் வளாகத்தில் தொடங்கிய குப்பிக் கலை ஹெங்ஷுய் கிராமங்களின் பிழைப்பாக மாறியது. 2006இல் சீனம் தன் தேசிய மரபுக் கலைகளின் முதல் பட்டியலை வெளியிட்டபோது ஹெங்ஷுய் உள்ளோவியம் அதில் இடம்பெற்றது.

உங்கள் அலமாரியில் ஒன்று இருந்தால்

புதுச்சேரிக் கிராமங்களில் சைகோன் சம்பாத்தியம் தெரியாத குடும்பம் குறைவு. பிரெஞ்சு இந்தோசீனத்தில் குமாஸ்தாவாக, வரி வசூலிப்பவராக, காவலராக, சொல்தாவாக வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அங்கிருந்து பல பொருட்களைக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சிறு வாய்க் குப்பி ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மூடியோடு கரண்டி இருக்கிறதா, அது அடிவரை போகிறதா என்று கவனியுங்கள். கல்லாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சுவரின் கனத்தைப் பாருங்கள். தோள்பகுதியும் குடைந்திருந்தால் நல்ல கை. உள்ளே ஓவியம் தெரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், ஓவியம் கரைந்துவிடும். ஓவியத்தின் ஓரத்தில் எழுத்து இருந்தால் படம் எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது ஒரு மனிதரின் பெயராக இருக்கும்.

பல வகைக் குப்பிகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் சீனப் பகுதிக்குப் போகலாம். மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலி கான் சேர்த்துவைத்தவை. 1951 முதல் மக்கள் பார்வைக்கு இருக்கின்றன.

வில்லியனூருக்கு ஒரு வேண்டுகோள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். சங்கராபரணி ஓடும் வில்லியனூரில் சுடுமண் வேலை விரல் உயரப் பொம்மையிலிருந்து ஆளுயரக் குதிரைவரை நடக்கிறது. ‘வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்பது சட்டம். வி.கே. முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது இந்த மண்ணின் பெயர் நாடெங்கும் போனது. அவர் தம் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பலருக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். யே குடும்பம் தாமதமாக எடுத்த முடிவை வில்லியனூர் முன்பே எடுத்துவிட்டது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

எஞ்சியிருப்பது பெயர். கடைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் போகும் நம் மண் சிற்பங்களைக் கவிழ்த்துப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் எதுவும் இருப்பதில்லை. குறியீடு ஊரைக் காக்கிறது. ஊருக்குள் அந்தப் பிள்ளையாரின் துதிக்கையை வளைத்த விரல் யாருடையது, எந்த ஆண்டுச் சூளையில் அது வெந்தது என்பதை யாரும் எழுதிவைக்காவிட்டால், நூறு ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் ‘வில்லியனூர் வேலை’ என்று மட்டும்தான் சொல்வார்கள். சியன்லோங் காலத்துப் பெருங்கலைஞர்களுக்கு நேர்ந்ததும் அதுவே. அவர்களுக்குப் பேரரசர் பெயர், நமக்கு ஊர்ப் பெயர்.

மண்ணில் பெயர் எழுதுவதற்குக் குப்பிக்குள் எழுதும் வித்தை வேண்டாம். பொம்மை பாதி காய்ந்து இறுகிவரும் பருவத்தில் ஓர் ஈர்க்குச்சி போதும். பெயர், ஊர், ஆண்டு என்று மூன்று சொல். சூளையில் வெந்தபின் அந்த எழுத்தை மழையும் அழிக்காது. அரிக்கமேட்டுப் பானை ஓடுகளில் கீறிய தமிழ்ப் பெயர்களை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வாங்குபவர்கள் கையிலும் இது இருக்கிறது. அடுத்த முறை கொலு பொம்மையோ விளக்கோ சொல்லிச் செய்யக் கொடுக்கும்போது, “அடியில உங்க பேரும் வருஷமும் எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள். அந்தப் பெயருக்காகவே பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள். கொம்யூன் பள்ளிகளில் கைவேலை கற்றுத்தரும் ஆசிரியர்கள், பிள்ளைகள் பிசையும் முதல் மண்ணிலேயே பெயர் எழுதும் பழக்கத்தைத் தொடங்கிவைக்கலாம். பெயர் எழுதியவருக்கு அடுத்த பொம்மையை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற பொறுப்பு வரும். பெயரைப் படித்தவருக்கு அந்தக் கையைத் தேடிப் போகும் வழி கிடைக்கும். தொழில் நிலைக்க இந்த இரண்டும் வேண்டும். விருதுகளும் குறியீடுகளும் வருவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சூளையிலேயே தொடங்கிவிடலாம்.

அடுத்த வாரம்: மண்ணாடிப்பட்டு கொம்யூனின் திருக்கனூர், காகிதக் கூழில் பிறக்கும் பொம்மைகள்.

(தொடரும்)